ஒரே ரவுட்டரில் பல ரவுட்டிங் பிராசஸ்கள்: எங்கே சந்திக்கின்றன, எங்கே மோதுகின்றன

ஓஎஸ்பிஎஃப் என்பது ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று வழிகளைச் சொல்லிக்கொள்ளும் ஒரு புரோட்டோகால். ஒரு ரவுட்டரில் அதன் பிராசஸ் ஒன்று, ‘ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 10’, ஓடிக்கொண்டிருக்கிறது. அதோடு ‘ரவுட்டர் ஓஎஸ்பிஎஃப் 20’ என்று இன்னொன்றைச் சேர்க்கிறோம். இரண்டு பக்கமும் அண்டை ரவுட்டர்கள் ‘ஃபுல்’ நிலைக்கு (தரவை முழுதாகப் பரிமாறி முடித்த நிலை) வந்துவிடுகின்றன, பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஆனால் 10-இன் பக்கம் இருப்பவர்களுக்கு 20-இன் பக்கத்து நெட்வொர்க் எதுவும் தெரிவதில்லை. ஒரு பிராசஸின் ரூட்டுகளை இன்னொன்றுக்குள் விடும் ரீடிஸ்ட்ரிபியூஷன் கட்டளையைப் போட்டதும் தெரிகிறது. சில வாரம் கழித்து ஓர் இணைப்பு அறுந்து திரும்பி வருகிறது. அதற்குப் பிறகு டிராஃபிக் பழைய வழியில் போகாமல் சுற்றுவழியில் போகிறது. கான்ஃபிகரேஷனில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இந்த மூன்று நிலைக்கும் காரணம் ஒன்றுதான். பிராசஸ்கள் ஒன்றோடொன்று பேசுவதில்லை. அவை சந்திக்கும் ஒரே இடம் ரவுட்டிங் அட்டவணை. அங்கே ஒரு பிராசஸ் எழுதியதை இன்னொன்று எடுக்கும்போது பிரிஃபிக்ஸும் (10.1.0.0/16 போன்ற நெட்வொர்க் முகவரி) அதன் அடுத்த தாவலும் (பாக்கெட்டை அடுத்து வாங்கும் ரவுட்டர்) தான் கிடைக்கும். அது எந்த வழியாக, எத்தனை ரவுட்டர்களைத் தாண்டி வந்தது என்ற வரலாறு கிடைக்காது.

பிராசஸ் என்பது என்ன

ரவுட்டிங் புரோட்டோகால் ஒரு மொழி. பிராசஸ் என்பது அந்த மொழியைப் பேசும் ஒரு தனி ஆள். ஒரே மொழி பேசும் இரண்டு பேர் ஒரே பெட்டிக்குள் இருக்கலாம். ஒருவர் நோட்டுப் புத்தகத்தை மற்றவர் பார்க்க மாட்டார். ஓஎஸ்பிஎஃப் 10-க்கு ஒரு லிங்க்-ஸ்டேட் தரவுத்தளம், ஓஎஸ்பிஎஃப் 20-க்கு இன்னொன்று. அண்டை ரவுட்டர் பட்டியல், டைமர்கள், குறுகிய பாதைக் கணக்கு, ரவுட்டர் ஐடி எல்லாம் தனித்தனி.

இங்கே ‘பிராசஸ்’ என்பதை இயக்க முறைமையின் பிராசஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஃப்ஆர்ஆர் மென்பொருளில் ஒவ்வொரு புரோட்டோகாலும் தனி டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்). அட்டவணையைப் பார்த்துக்கொள்வது ஸீப்ரா என்ற டீமன். ஜூனிப்பர் நிறுவனத்தின் ஜூனோஸில் ஆர்பிடி என்ற ஒரே டீமன் எல்லாவற்றையும் செய்கிறது. பேர்ட் மென்பொருளும் ஒரே நிரல்தான். அதற்குள் ஒரே புரோட்டோகாலைப் பல பெயர்களில் எழுதிக்கொள்ளலாம். உள்ளமைப்பு எப்படி இருந்தாலும் தரவுத்தளங்கள் தனித்தனி என்பது மட்டும் எல்லாவற்றுக்கும் பொது.

பிராசஸ் எண்ணுக்கு என்ன பொருள்

கட்டளை ஒரே மாதிரி இருப்பதால் இங்கே பலர் தடுமாறுகிறார்கள்.

1. ஓஎஸ்பிஎஃப்: எண் 1 முதல் 65535 வரை எதுவாகவும் இருக்கலாம். அது அந்தப் பெட்டிக்குள் மட்டும் செல்லும், பாக்கெட்டில் போவதில்லை. இங்கே 10, எதிர்ப்புறம் 77 என்றாலும் அண்டை உறவு உருவாகும்.
2. ஈஐஜிஆர்பி (சிஸ்கோ உருவாக்கிய உள் புரோட்டோகால்): எண் என்பது தன்னாட்சி அமைப்பு (ஏஎஸ்) எண். அது பாக்கெட்டில் போகும். இருபுறமும் ஒன்றாக இல்லாவிட்டால் உறவு வராது.
3. பிஜிபி (ஏஎஸ்களுக்கு இடையே ரூட்டுகளைச் சொல்லும் புரோட்டோகால்): எண் உலகுக்குத் தெரியும் ஏஎஸ் எண். வழக்கமான சிஸ்கோ ஐஓஎஸ்-இல் ஒரு பெட்டியில் ஒரு பிஜிபி பிராசஸ்தான். வாடிக்கையாளர்களைப் பிரிக்க அதற்குள் அட்ரஸ் ஃபேமிலிகள் இருக்கின்றன.
4. ஆர்ஐபி (தாவல்களை எண்ணி வழி காணும் பழைய புரோட்டோகால்): எண்ணே இல்லை.

முதல் விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. பின்னால் விஆர்எஃப் பகுதியில், எம்பிஎல்எஸ் விபிஎன் (சேவை நிறுவனம் தன் நெட்வொர்க் வழியாக வாடிக்கையாளரின் கிளைகளை இணைக்கும் முறை) பற்றிப் பேசும்போது அது வரும்.

அட்டவணையில் இடம் யாருக்கு

ஒவ்வொரு பிராசஸும் தன் சிறந்த பாதையைக் கணக்கிட்டு ரவுட்டிங் அட்டவணையிடம் கொடுக்கிறது. ஒரே பிரிஃபிக்ஸை இரண்டு பேர் கொண்டுவந்தால் எதை எடுப்பது? ஆர்ஐபியின் 3 தாவல் பெரிதா, ஓஎஸ்பிஎஃப்பின் 20 காஸ்ட் பெரிதா என்று ஒப்பிட முடியாது. அதனால் மெட்ரிக்கை (ஒரு புரோட்டோகால் தன் பாதைகளை அளக்கும் எண்) பார்க்கும் முன் நம்பகத்தன்மைக்கு ஓர் எண் வைத்தார்கள். அதுதான் அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ், சுருக்கமாக ஏடி. சிஸ்கோவில் குறைந்த எண்ணுக்கே இடம்:

- நேரடி இணைப்பு 0, ஸ்டாட்டிக் (கையால் எழுதிய ரூட்) 1
- வெளி பிஜிபி 20
- ஈஐஜிஆர்பி உள் ரூட் 90, வெளி ரூட் (வெளியிலிருந்து அதற்குள் விடப்பட்டது) 170
- ஓஎஸ்பிஎஃப் 110
- ஐஎஸ்-ஐஎஸ் (ஓஎஸ்பிஎஃப் போன்ற இன்னொரு உள் புரோட்டோகால்) 115
- ஆர்ஐபி 120
- உள் பிஜிபி 200
- 255 என்றால் அட்டவணைக்குள் விடவே மாட்டார்கள்

இந்த எண்களை மனப்பாடம் செய்துகொண்டு வேறு நிறுவனப் பெட்டிக்குப் போவது ஆபத்து. ஜூனோஸில் இதன் பெயர் பிரிஃபரன்ஸ்: ஸ்டாட்டிக் 5, ஓஎஸ்பிஎஃப் உள் ரூட் 10, ஐஎஸ்-ஐஎஸ் லெவல் 1-க்கு 15, லெவல் 2-க்கு 18, ஆர்ஐபி 100, ஓஎஸ்பிஎஃப் வெளி ரூட் 150, பிஜிபி 170. ஓஎஸ்பிஎஃப்பின் உள் ரூட்டும் வெளி ரூட்டும் அங்கே முதலிலிருந்தே வெவ்வேறு எண்களில் நிற்கின்றன என்பதைக் கவனியுங்கள்; பல தொல்லைகளை இது தானாகவே தடுத்துவிடுகிறது. பேர்டில் திசையே தலைகீழ். அங்கே பெரிய எண்தான் வெல்லும்: ஸ்டாட்டிக் 200, ஓஎஸ்பிஎஃப் 150, ஆர்ஐபி 120, பிஜிபி 100.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஏடி என்பது அச்சாக ஒரே பிரிஃபிக்ஸுக்கு இடையில்தான். 10.1.0.0/16 ஓஎஸ்பிஎஃப் வழியாகவும் 10.1.5.0/24 ஆர்ஐபி வழியாகவும் வந்தால் இரண்டுமே அட்டவணையில் உட்காரும். 10.1.5.9-க்குப் போகும் பாக்கெட் ஆர்ஐபி வழியில்தான் போகும், ஏனென்றால் அனுப்பும்போது நீளமான பிரிஃபிக்ஸே முதலில் பார்க்கப்படுகிறது. ஓஎஸ்பிஎஃப்தான் உசத்தி, எல்லாம் அதன் வழியே போகும் என்று நினைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் மணிக்கணக்கில் தேடுவார்கள்.

இரண்டு பேருக்கும் 110 என்றால்

ஒரே பெட்டியில் இரண்டு ஓஎஸ்பிஎஃப் பிராசஸ்கள் ஒரே பிரிஃபிக்ஸைக் கொண்டுவருகின்றன. இரண்டுக்கும் ஏடி 110. அடுத்து மெட்ரிக்கைப் பார்ப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி நடப்பதில்லை.

சிஸ்கோ ஐஓஎஸ்-இல் முதலில் அட்டவணையில் எழுதிய பிராசஸ் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அது தானாக ரூட்டை எடுக்கும் வரை இன்னொன்றுக்கு வாய்ப்பில்லை. மிகப் பழைய பதிப்புகளில் நிலைமை இதைவிட மோசம்: கடைசியாகக் கணக்கை முடித்த பிராசஸ் மற்றதன் ரூட்டை அழித்து எழுதும், பிறகு அது இதை அழிக்கும்.

அதோடு, ஓஎஸ்பிஎஃப்புக்குள் ஒரே ஏரியாவின் (ஓஎஸ்பிஎஃப் நெட்வொர்க்கின் ஓர் உட்பிரிவு) ரூட் முதலில், பிற ஏரியாவின் ரூட் அடுத்து, வெளி ரூட் கடைசி என்ற வரிசை உண்டு. அந்த வரிசை ஒரு பிராசஸுக்குள் மட்டுமே செல்லும். பிராசஸ் 20 கொண்டுவந்த இ2 வகை (உள்ளே போகப் போக மெட்ரிக் மாறாத) வெளி ரூட் முதலில் வந்துவிட்டால், பிராசஸ் 10-இன் ஏரியாவுக்குள்ளேயே இருக்கும் அதே நெட்வொர்க்கின் சொந்த ரூட் வெளியே நிற்கும்.

தொடக்கத்தில் சொன்ன புதிருக்கு விடை இதுதான். இணைப்பு அறுந்தபோது முந்தி எழுதியவர் விலகினார், மற்றவர் உட்கார்ந்தார். இணைப்பு வந்ததும் இடம் திரும்பக் கிடைக்கவில்லை. ரவுட்டரை மறுதொடக்கம் செய்தால் யாருக்கு இடம் என்பது யார் முதலில் அண்டை உறவை முடிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நெட்வொர்க்கின் பாதையை இப்படிப் பந்தயத்திடம் விடக் கூடாது. இரண்டு பிராசஸிலும் ஒரே பிரிஃபிக்ஸ் வர வாய்ப்பிருந்தால் ஏடியைக் கையால் பிரித்துவிட வேண்டும். பிராசஸ் 20-இன் கீழ் ‘டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 130’ என்று ஒரே வரி பெரும்பாலும் போதும்.

தொடங்கும்போதே தட்டும் இடங்கள்

ரவுட்டர் ஐடி. ஓஎஸ்பிஎஃப் தன் ஐடியாக, செயலில் இருக்கும் லூப்பேக் (பெட்டிக்குள்ளேயே இருக்கும் கற்பனை இன்டர்ஃபேஸ்) முகவரிகளில் பெரியதை எடுக்கும். லூப்பேக் இல்லையென்றால் மற்ற இன்டர்ஃபேஸ் முகவரிகளில் பெரியதை. முதல் பிராசஸ் எடுத்த முகவரியை இரண்டாவது எடுக்க முடியாது. பெட்டியில் வேறு முகவரி இல்லையென்றால் தனித்த ஐடி கிடைக்கவில்லை என்ற செய்தியோடு இரண்டாவது பிராசஸ் நின்றுவிடும். ஒவ்வொரு பிராசஸுக்கும் ஒரு லூப்பேக் ஒதுக்கி, ‘ரவுட்டர்-ஐடி’ வரியைக் கையால் எழுதிவிடுவது நல்லது. பிறகு மாற்றினால் பிராசஸை மீண்டும் தொடங்கினால்தான் அது பிடிக்கும். அண்டை உறவுகள் எல்லாம் ஒருமுறை விழுந்து எழும்.

இன்டர்ஃபேஸ். ஓஎஸ்பிஎஃப்பின் இரண்டாம் பதிப்பை வரையறுக்கும் 1998-இன் ஆர்எஃப்சி 2328 என்ற இணையத் தர ஆவணத்தில், பாக்கெட் தலைப்பில் பிராசஸை அடையாளம் காட்டும் புலம் இல்லை. 224.0.0.5 முகவரிக்கு வரும் ஹலோவை (அண்டையைக் கண்டறிய அனுப்பும் பாக்கெட்) பார்த்து இது 10-க்கா 20-க்கா என்று சொல்ல வழியில்லை. அதனால் ஓர் இன்டர்ஃபேஸ் ஒரு பிராசஸுக்கே சொந்தம். இரண்டு பிராசஸிலும் ஒரே வரம்பை ‘நெட்வொர்க்’ கட்டளையில் கொடுத்தால் முந்தியது எடுத்துக்கொள்ளும், பிந்தியது சத்தமில்லாமல் விட்டுவிடும். ‘நெட்வொர்க் 0.0.0.0’ என்று எல்லாவற்றையும் அள்ளும் வரியை எழுதிப் பழகியவர்கள் இரண்டாவது பிராசஸில் ஓர் அண்டைகூட வரவில்லையே என்று திகைப்பது இதனால்தான். ஓஎஸ்பிஎஃப் மூன்றாம் பதிப்பில் இன்ஸ்டன்ஸ் ஐடி என்ற புலம் வந்தது. 2012-இல் ஆர்எஃப்சி 6549, இரண்டாம் பதிப்பின் 16 பிட் அங்கீகார வகைப் புலத்தை இரண்டாகப் பிரித்து அதில் 8 பிட்டை இன்ஸ்டன்ஸ் ஐடிக்குக் கொடுத்தது. எல்லாப் பெட்டிகளும் அதை ஆதரிக்கும் என்று நம்பி வடிவமைக்கக் கூடாது.

ஈஐஜிஆர்பியில் இந்தத் தடை இல்லை. எண் பாக்கெட்டிலேயே போவதால் ஒரே இன்டர்ஃபேஸில் இரண்டு பிராசஸ்கள் ஓடலாம். அங்கே வேறொன்று காத்திருக்கிறது. ஒரு ஈஐஜிஆர்பி பிராசஸ் இணைப்பின் அலைவரிசையில் இயல்பாக 50 சதவீதம் வரை எடுக்க உரிமை உண்டு. இரண்டு பிராசஸ் என்றால் 100. மெதுவான தொலைதூர (வைட் ஏரியா) இணைப்பு ஒன்றில் இரண்டும் ஒரே நேரத்தில் மறுகணக்கு போட்டால் பயனர் டிராஃபிக்குக்கு மூச்சு விட இடமிருக்காது. ‘பேண்ட்விட்த்-பெர்சென்ட்’ கட்டளையால் ஒவ்வொன்றையும் 20 அல்லது 25-க்கு இறக்கிவிட வேண்டும்.

நினைவகம், சிபியு பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். இன்றைய பெட்டிகளில் சில பிராசஸ்களுக்கு அது பெரிய விஷயமில்லை.

மறுவிநியோகம்: எதைக் கடத்துகிறது, எதைத் தொலைக்கிறது

ஒரு பிராசஸின் ரூட்டுகளை இன்னொன்றுக்குள் விடுவதே ரீடிஸ்ட்ரிபியூஷன். இனி மறுவிநியோகம் என்றே சொல்கிறேன். பிராசஸ் 20-இன் கீழ் ‘ரீடிஸ்ட்ரிபியூட் ஓஎஸ்பிஎஃப் 10’ என்றால், 10-இன் தரவுத்தளத்தைப் படி என்று பொருளில்லை. அட்டவணையில் 10-இன் பெயரில் இருக்கும் ரூட்டுகளை எடு என்று பொருள்.

இந்த வேறுபாட்டிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, பிராசஸ் 10-க்குத் தெரிந்த ரூட் ஏடியில் தோற்று அட்டவணைக்கு வராவிட்டால் அது மறுவிநியோகமும் ஆகாது. இரண்டு, ஒரே பெட்டிக்குள் சங்கிலி வேலை செய்யாது. ஆர்ஐபியை ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்டு, அதே பெட்டியில் ஓஎஸ்பிஎஃப்பை பிஜிபிக்குள் விட்டால் ஆர்ஐபி ரூட்டுகள் பிஜிபிக்குப் போகாது. அட்டவணையில் அவற்றின் பெயர் இன்னும் ஆர்ஐபிதான். பிஜிபியின் கீழ் ஆர்ஐபிக்கும் தனியாக ஒரு வரி வேண்டும்.

தொலைவது எது? ஒவ்வொரு புரோட்டோகாலும் சுழலைத் தடுக்க ஒரு நினைவை வைத்திருக்கிறது. ஆர்ஐபிக்குத் தாவல் எண்ணிக்கை. 16 வந்தால் எட்டாதது. ஓஎஸ்பிஎஃப்புக்கு ஏரியாவின் முழு வரைபடம். பிஜிபிக்குக் கடந்து வந்த ஏஎஸ்களின் பட்டியல். எல்லையைத் தாண்டும்போது இவை எல்லாம் கழன்று விழுகின்றன. மறுபுறம் பிரிஃபிக்ஸ் புதிதாகப் பிறந்ததுபோல, நாம் கொடுக்கும் தொடக்க மெட்ரிக்கோடு நுழைகிறது.

நினைவு அழிந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1997 ஏப்ரல் 25 சாட்சி. ஏஎஸ் 7007 என்ற எண்ணிலிருந்து இணையத்தின் பெரும்பகுதி முகவரிகள் /24 துண்டுகளாக அறிவிக்கப்பட்டன. உண்மையான ஏஎஸ் பட்டியல் அழிந்திருந்ததால் அவை அங்கேயே பிறந்தவைபோலத் தெரிந்தன. நீளமான பிரிஃபிக்ஸ் வெல்லும் என்ற விதி மீதியைச் செய்தது; உலகின் டிராஃபிக் அந்தத் திசையில் பாய்ந்தது.

சுழல் எப்படி உருவாகிறது: அடி அடியாக

எல்லையில் ஒரே ரவுட்டர் இருந்தால் ஆபத்து குறைவு. அது பழுதானால் என்ன செய்வது என்று இரண்டாவதை வைக்கிறோம்; சிக்கல் அங்கே தொடங்குகிறது. ஓர் எளிய அமைப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் ஆர்ஐபி, மறுபக்கம் ஓஎஸ்பிஎஃப். எல்லை-1, எல்லை-2 என்ற இரண்டு ரவுட்டர்களும் இரண்டையும் பேசுகின்றன, இருதிசையிலும் மறுவிநியோகம் செய்கின்றன. ஆர்ஐபி பக்கம் இரண்டுக்கும் பொதுவான அண்டை ‘ம’ என்ற ரவுட்டர். 192.168.50.0/24 ஆர்ஐபி பக்கத்தில் ஆழமாக இருக்கிறது: ‘ம’வுக்கு 3 தாவல், எல்லை ரவுட்டர்களுக்கு 4.

1. எல்லை-1 இந்த ரூட்டை ஆர்ஐபியில் கேட்டு அட்டவணையில் எழுதுகிறது. பிறகு அதை ஓஎஸ்பிஎஃப்புக்குள் இ2 வகையாக, மெட்ரிக் 20-இல் விடுகிறது.
2. எல்லை-2 அதை ஓஎஸ்பிஎஃப் வழியாகக் கேட்கிறது. ஆர்ஐபிக்கு 120, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. ஓஎஸ்பிஎஃப் வெல்கிறது. எல்லை-2 இப்போது 192.168.50.0-க்கு ஓஎஸ்பிஎஃப் பக்கம் சுற்றி எல்லை-1-ஐ நோக்கி அனுப்புகிறது.
3. எல்லை-2-இன் அட்டவணையில் அது ஓஎஸ்பிஎஃப் ரூட் ஆகிவிட்டதால், ஓஎஸ்பிஎஃப்பை ஆர்ஐபிக்குள் விடும் கட்டளை அதையும் எடுக்கிறது. தொடக்க மெட்ரிக் 1.
4. ‘ம’ இதைக் கேட்கிறது. உண்மையான வழி 3 தாவல். எல்லை-2 சொல்வது அதைவிடக் குறைவு. ‘ம’ எல்லை-2 பக்கம் திரும்புகிறது.
5. ‘ம’ புதிய செய்தியை எல்லை-1-க்குச் சொல்கிறது. எல்லை-1 ஏற்கெனவே ‘ம’ வழியாகத்தான் போகிறது. தாவல் குறைந்ததாக நினைத்துத் தொடர்கிறது.

இப்போது ஒரு பாக்கெட்டைப் பின்தொடருங்கள். எல்லை-1, ‘ம’, எல்லை-2, ஓஎஸ்பிஎஃப் உள் ரவுட்டர், மறுபடி எல்லை-1. டிடிஎல் (பாக்கெட்டின் ஆயுள் எண்) தீரும்வரை இதே வட்டம். டிரேஸ்ரூட் எடுத்தால் அதே நான்கு முகவரிகள் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும்.

இதைவிடக் கொடியது அடுத்தது. 192.168.50.0 நெட்வொர்க்கையே அணைத்துவிடுங்கள். ரூட் போகாது. எல்லை-1 ‘ம’விடம் கேட்டது, ‘ம’ எல்லை-2-இடம் கேட்டது, எல்லை-2 எல்லை-1-இடம் கேட்டது. ஆர்ஐபியில் வழக்கமாக எண்ணிக்கை 16 வரை ஏறி ரூட் செத்துவிடும். இங்கே ஒவ்வொரு சுற்றிலும் மறுவிநியோகம் எண்ணை 1-க்கு இறக்கிவிடுவதால் அது 16-ஐத் தொடுவதே இல்லை.

தடுக்கும் வழிகள்

முதல் தற்காப்பு டேக். மறுவிநியோகம் தொலைத்த நினைவை நாமே ஒரு முத்திரையாகக் குத்தி அனுப்புகிறோம். ஓஎஸ்பிஎஃப் வெளி ரூட்டில் 32 பிட் டேக் உண்டு, ஆர்ஐபி இரண்டாம் பதிப்பில் 16 பிட். இரண்டுக்கும் பொருந்தும் சிறிய எண்ணாக எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு எல்லை ரவுட்டர்களிலும்:

1. ஆர்ஐபியிலிருந்து ஓஎஸ்பிஎஃப்புக்குப் போகும் ரூட்-மேப்பில் (ரூட்டுகளை வடிகட்டும் விதிப் பட்டியல்) முதல் வரி: டேக் 110 இருந்தால் மறு. அடுத்த வரி: மற்றவற்றை அனுமதித்து டேக் 120 குத்து.
2. ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து ஆர்ஐபிக்குப் போகும் ரூட்-மேப்பில் முதல் வரி: டேக் 120 இருந்தால் மறு. அடுத்த வரி: மற்றவற்றை அனுமதித்து டேக் 110 குத்து.

மறுக்கும் வரி முன்னால் இருக்க வேண்டும். ரூட்-மேப்பின் முடிவில் எழுதப்படாத ‘எல்லாவற்றையும் மறு’ ஒன்று இருப்பதால், இரண்டாவது வரியை மறந்தால் எதுவுமே போகாது. எல்லை-1-இல் மட்டும் எழுதிவிட்டு எல்லை-2-ஐப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதும் கூடாது.

டேக் சுழலைத் தடுக்கும், சுற்றுவழியைத் தடுக்காது. எல்லை-2 இன்னும் 110-ஐ நம்பி எல்லை-1 வழியாகவே போகும். அதற்கு ஏடியைத் தொட வேண்டும். எல்லாருக்கும் தோன்றும் தீர்வு ‘டிஸ்டன்ஸ் ஓஎஸ்பிஎஃப் எக்ஸ்டர்னல் 130’. ஓஎஸ்பிஎஃப் பக்கம் வேறு வெளி ரூட்டுகள் இல்லையென்றால் இது சரி. இருந்தால் படம் தலைகீழாகும்: அந்த வெளி ரூட்டுகளை எல்லை-1 ஆர்ஐபிக்குள் விடும், எல்லை-2-க்கு அவை ஆர்ஐபி வழியே 120-இல் வரும், 130-ஐ வெல்லும். அதனால் ஏடியை மொத்தமாக உயர்த்தாமல், ஆர்ஐபி பக்கத்து பிரிஃபிக்ஸ்களை மட்டும் அக்சஸ் லிஸ்டில் எழுதி அவற்றுக்கு மட்டும் 130 கொடுப்பதே பாதுகாப்பு. பட்டியலைப் பராமரிப்பது வேலைதான். எல்லையில் இரண்டு ரவுட்டர் வைத்திருப்பவர் அந்த வேலையை ஏற்றுத்தான் ஆக வேண்டும்.

ஈஐஜிஆர்பி இதில் ஓரளவு தப்பிப்பது, உள் ரூட்டுக்கு 90, வெளி ரூட்டுக்கு 170 என்று பிரித்து வைத்திருப்பதால். ஈஐஜிஆர்பிக்குள் ஏற்கெனவே வெளியாக நுழைந்த 170 ரூட்டுகளை ஓஎஸ்பிஎஃப்புக்கு விட்டால் மேலே பார்த்த அதே கதை நடக்கும்.

சத்தமில்லாமல் நடக்கும் தவறுகள்

இவை சுழலை உண்டாக்காது. ரூட் வரவில்லை என்று மட்டும் தெரியும்.

- பழைய ஐஓஎஸ் பதிப்புகளில் ஓஎஸ்பிஎஃப்புக்குள் விடும்போது ‘சப்நெட்ஸ்’ என்ற சொல் இல்லாவிட்டால் வகுப்புவாரி (ஏ, பி, சி என்ற பழைய பிரிவுப்படியான) நெட்வொர்க்குகள் மட்டுமே போகும்.
- ஈஐஜிஆர்பிக்குள் ஓஎஸ்பிஎஃப்பை விட அலைவரிசை, தாமதம், நம்பகத்தன்மை, சுமை, எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) ஆகிய ஐந்து மதிப்புகளும் வேண்டும். கொடுக்காவிட்டால் ரூட் எட்டாததாகக் கருதப்பட்டு விடுபடும்.
- ஓஎஸ்பிஎஃப்பை பிஜிபிக்குள் விட்டால் இயல்பாக உள் ரூட்டுகள் மட்டும் போகும். வெளி ரூட்டுகளும் வேண்டுமென்றால் ‘மேட்ச்’ வரியில் சொல்ல வேண்டும்.
- பிஜிபியை ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்டால் உள் பிஜிபி ரூட்டுகள் இயல்பாகப் போகாது. இது குறையில்லை, காப்பு.

கடைசியாகச் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை. இணையத்தின் முழு ஐபிவி4 அட்டவணையில் இன்று 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ரூட்டுகள். அதை வடிகட்டாமல் ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு வெளி எல்எஸ்ஏ (ஓஎஸ்பிஎஃப் அறிவிப்பு) ஆகி உள்நெட்வொர்க்கின் எல்லா ரவுட்டர்களுக்கும் போகும். ஒரு வரி மறந்ததால் மொத்த நெட்வொர்க்கும் படுக்க வேண்டியதில்லை. ‘ரீடிஸ்ட்ரிபியூட் மேக்ஸிமம்-பிரிஃபிக்ஸ்’ கட்டளையால் ஒரு மேல்வரம்பு வைத்துவிடுங்கள்.

விஆர்எஃப்: சந்திக்கவே விடாமல் செய்வது

இரண்டு பிராசஸ்களும் ஒருவரையொருவர் அறியவே வேண்டாம் என்றால் சரியான கருவி விஆர்எஃப். அது அட்டவணையையே இரண்டாக்குகிறது. 10.0.0.0/24 இரண்டிலும் இருக்கலாம், மோதல் இல்லை. ஒரே அட்டவணையில் இரண்டு பிராசஸ்களை வைத்துவிட்டு நெட்வொர்க்கைப் பிரித்துவிட்டதாக நினைப்பது தவறு. அறிவிப்புதான் பிரிந்திருக்கிறது, அந்த ரவுட்டருக்கு வந்த பாக்கெட் இரண்டு பக்கமும் தாராளமாகப் போகும். பாதுகாப்புக் காரணத்துக்காகப் பிரிப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

ஐஓஎஸ்-இல் ஒவ்வொரு விஆர்எஃப்புக்கும் தனி ஓஎஸ்பிஎஃப் பிராசஸ். இங்கேதான் பிராசஸ் எண் உள்ளூர் விஷயம் என்ற விதி உடைகிறது. எம்பிஎல்எஸ் விபிஎன்னில் வாடிக்கையாளரின் ஓஎஸ்பிஎஃப் ரூட்டுகள் பிஜிபி வழியாக மறுமுனைக்குப் போகும்போது டொமைன் ஐடி என்ற அடையாளமும் கூடப் போகிறது. இருமுனையிலும் அது ஒன்றாக இருந்தால் ரூட் பிற ஏரியாவின் ரூட்டாகத் தெரியும்; வேறாக இருந்தால் வெளி ரூட்டாகத் தெரியும். சிஸ்கோ இந்த ஐடியைப் பிராசஸ் எண்ணிலிருந்தே உருவாக்குகிறது. ஒரு முனையில் 10, மறுமுனையில் 20 என்று எழுதினால் வாடிக்கையாளருக்கு எல்லாம் இ2 ஆகிவிடும், அவருடைய பாதைத் தேர்வே மாறும். எண்ணை ஒன்றாக்குங்கள், அல்லது ‘டொமைன்-ஐடி’ வரியை இருபுறமும் எழுதுங்கள்.

இதே இடத்தில் சுழலைத் தடுக்க டிஎன் பிட் என்ற கொடி குத்தப்படுகிறது. அது இருக்கும் ரூட்டை விஆர்எஃப்பில் ஓடும் ஓஎஸ்பிஎஃப் பிராசஸ் ஒதுக்கிவிடும். வாடிக்கையாளர் தன் பெட்டியிலும் விஆர்எஃப் வைத்திருந்தால் தரவுத்தளத்தில் எல்லாம் இருக்கும், அட்டவணையில் ஒன்றும் இருக்காது. அந்தப் பெட்டியில் ‘கேப்பபிலிட்டி விஆர்எஃப்-லைட்’ போட்டதும் ரூட்டுகள் வந்து விழும்.

எப்போது உண்மையில் தேவை

ஒரு நெட்வொர்க்கைப் பெரிதாகிவிட்டது என்பதற்காக இரண்டு பிராசஸாகப் பிரிக்க வேண்டாம். அதற்கு ஏரியாக்கள் இருக்கின்றன. அவை வரலாற்றைத் தொலைப்பதில்லை. இரண்டு நிறுவனங்கள் இணையும்போது, உள் புரோட்டோகாலோடு பிஜிபி ஓடும்போது, ஒரு புரோட்டோகாலிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது பல பிராசஸ்கள் நியாயமானவை. கடைசி வகை மிக அழகானது, ஏனென்றால் அதில் மறுவிநியோகமே வேண்டாம். ஓஎஸ்பிஎஃப்பிலிருந்து ஐஎஸ்-ஐஎஸ்ஸுக்கு மாறும் வேலையைப் பாருங்கள்:

1. எல்லா ரவுட்டர்களிலும், எல்லா உள் இணைப்புகளிலும் ஐஎஸ்-ஐஎஸ்ஸை ஏற்றுங்கள். அதன் ஏடி 115, ஓஎஸ்பிஎஃப்புக்கு 110. அதனால் அது எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு, அட்டவணையைத் தொடாமல் காத்திருக்கும்.
2. மெட்ரிக்கை அப்படியே பெயர்த்து எழுதுங்கள். சிஸ்கோவில் ஐஎஸ்-ஐஎஸ் எல்லா இணைப்புக்கும் இயல்பாக 10 கொடுக்கும். விட்டுவிட்டால் பாதைகள் மாறும். குறுகிய மெட்ரிக்கில் ஓர் இணைப்புக்கு 63-தான் உச்சம், ஓஎஸ்பிஎஃப் காஸ்ட் 100 அதில் அடங்காது. அகல மெட்ரிக்கை முதலிலேயே இயக்குங்கள்.
3. அண்டை உறவு வராத இணைப்பில் எம்டியுவைப் பாருங்கள். சிஸ்கோவில் ஐஎஸ்-ஐஎஸ் ஹலோவை முழு எம்டியு அளவுக்கு நிரப்பி அனுப்பும். நடுவில் உள்ள சுவிட்ச் அந்த அளவைத் தாங்காவிட்டால், ஓஎஸ்பிஎஃப் ஓடிக்கொண்டிருந்த இணைப்பிலும் இது எழாது.
4. ஓஎஸ்பிஎஃப்பில் நுழையும் ஸ்டாட்டிக் ரூட்டுகளையும் டிஃபால்ட் ரூட்டையும் ஐஎஸ்-ஐஎஸ்ஸிலும் அதே இடங்களில் நுழையுங்கள். பெரும்பாலும் மறக்கப்படுவது இதுதான்.
5. ஒவ்வொரு ரவுட்டராக ஓஎஸ்பிஎஃப்பின் ஏடியை 180 ஆக்குங்கள். 115-க்கு மேல் இருக்க வேண்டும், உள் பிஜிபியின் 200-க்குக் கீழே இருக்க வேண்டும். சில பெட்டிகள் மாறி, சில மாறாத இடைவேளையில் இரண்டு புரோட்டோகாலும் ஒரே பாதையைத் தேர்ந்திருந்தால்தான் சுழல் வராது. 2-ஆம் படி அதற்காகத்தான். ஓஎஸ்பிஎஃப்பில் பல ஏரியாக்கள் இருந்தால், காஸ்ட் எவ்வளவு இருந்தாலும் தன் ஏரியா வழியையே அது விரும்பும் என்பதால் எல்லை இடங்களின் பாதைகளை முன்பே ஒப்பிட்டுவிடுங்கள்.
6. ‘ஷோ ஐபி ரூட் ஓஎஸ்பிஎஃப்’ கொடுங்கள். வெறுமையாக வர வேண்டும். ஒரு வரி மிச்சமிருந்தாலும் அந்த பிரிஃபிக்ஸ் ஐஎஸ்-ஐஎஸ்ஸில் இல்லை என்று பொருள். 180-இல் இருக்கும் ஓஎஸ்பிஎஃப் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. போய் அதைச் சேருங்கள்.
7. எல்லாப் பெட்டியிலும் வெறுமை வந்த பிறகும் உடனே அழிக்க வேண்டாம். ஓர் இணைப்பைத் திட்டமிட்டு அணைத்து, மாற்றுவழியும் ஐஎஸ்-ஐஎஸ்ஸிலேயே கிடைக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் 6-ஆம் படியின் கட்டளை வெறுமையாக வந்தால் ஓஎஸ்பிஎஃப்பை எடுத்துவிடலாம்.